கல்லடைப்பும் மயக்க மருந்தும்

எங்கள் பரமக்குடிப் பக்கத்தில் ‘கல்லடைப்பு’ என்ற சொல்லைக் கேளாத வீடு இராது. வைகை ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஊர் இது. கிணற்று நீர் பல தெருக்களில் உவர்ப்பு. சித்திரை வைகாசியில் வெயில் நூறு பாகையைத் தாண்டி நிற்கும். வியர்வையில் உடலின் நீரெல்லாம் வெளியேற, எஞ்சிய சிறுநீர் செறிந்து, அதில் கரைந்துள்ள உப்புகள் மணலாகவும் கல்லாகவும் படிகின்றன. குழித்தறியில் கால்களை இறக்கிக்கொண்டு காலை முதல் மாலை வரை எழாமல் நெய்பவர்களுக்கு இந்நோய் சற்று மிகுதியாகவே வரும் என்று எங்கள் தெருப் பெரியவர்கள் சொல்வார்கள். என் தந்தையாரும் ஒரு நெசவாளர்.

1968ஆம் ஆண்டுக் கோடையில் ஓர் இரவு. எனக்கு அப்பொழுது ஒன்பது வயது. விலாவைப் பிடித்துக்கொண்டு தந்தையார் திண்ணையில் புரண்டார். அமர்ந்தார், எழுந்தார், சுவரில் சாய்ந்தார், மீண்டும் தரையில் விழுந்தார். எந்தக் கிடையிலும் அவருக்கு அமைதி கிட்டவில்லை. வயிற்றில் புண்பட்டவன் அசையாமல் கிடப்பான். கல்லடைப்பு வந்தவனோ ஒரு நொடியும் அசையாதிருக்க மாட்டான். மருத்துவர்கள் இவ்வேறுபாட்டை ஓர் அடையாளமாகவே கொள்கின்றனர் என்பதை நான் பின்னாளில் அறிந்தேன். பெரியப்பா மாட்டு வண்டியைப் பூட்டினார். மருத்துவமனையில் ஓர் ஊசி போட்டார்கள். கால் மணி நேரம் சென்றிருக்கும். தந்தையாரின் நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாக அவிழ்ந்ததை நான் கண்ணாரக் கண்டேன். அந்த ஊசி பெத்திடின் என்பதாகும்.

மறுநாள் மருத்துவர், “சிறுநீரகத்தில் பெரிய கல் இருக்கிறது, மதுரைக்குப் போய் அறுவை செய்துகொள்ளுங்கள்” என்றார். தந்தையார் இசையவில்லை. கத்திக்கு அவர் அஞ்சவில்லை, மயக்கத்திற்கே அஞ்சினார். உறவினர் ஒருவர் முன்னொரு காலத்தில் எங்கோ ஒரு மருத்துவமனையில் குளோரோபாரம் முகர்ந்து படுத்தவர், பின்னர் எழவேயில்லையாம். “மயங்கினவன் எந்திரிப்பான்னு யாரு ஜாமீன்?” என்று தந்தையார் கேட்டார். வீட்டில் எவருக்கும் விடை தெரியவில்லை. வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில் நீர், பொங்கலுக்குக் காப்புக் கட்டும் சிறுபீளையின் கஷாயம் என ஐந்தாண்டுகள் சென்றன. சிறு கல் தானாகவே நீரோடு இறங்கிவிடும் இயல்பினது. அதற்கு இவையெல்லாம் துணை நின்றிருக்கலாம். பெரிய கல்லோ இருந்த இடத்திலேயே இருந்து வளர்ந்தது. 1973இல் இரு சிறுநீரகங்களும் பழுதுற்று அவர் மறைந்தார்.

ஆசிரியப் பயிற்சி பெற்று வகுப்பறையில் நின்ற காலமெல்லாம், தந்தையாரின் மறுப்பை நான் அறியாமை என்றே கருதியிருந்தேன். மாணவர்களிடமும் அப்படியே சொல்லியிருக்கிறேன். ஓய்வு பெற்ற பின் இத்துறையின் வரலாற்றை ஓரளவு படித்தேன். படித்தபின் அந்தத் தீர்ப்பைத் திருத்திக்கொள்ள நேர்ந்தது. அது எவ்வாறு என்பதையே இன்று உங்களுக்குக் கூற விழைகின்றேன்.

முதலில் ஒரு விளக்கம். கல் இரண்டு இடங்களில் தங்கலாம். ஒன்று விலாவுக்குப் பின்னே, முதுகுப்புறம் உள்ள சிறுநீரகம். மற்றொன்று அடிவயிற்றில் உள்ள சிறுநீர்ப்பை. இரண்டையும் ஏறத்தாழ இருபத்தைந்து சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய குழாய் இணைக்கிறது. பழங்காலத்து மருத்துவர்கள் சிறுநீரகத்தைத் தொடத் துணியவில்லை. அவர்கள் அறுத்து எடுத்ததெல்லாம் பையில் தங்கிய கல்லையே. ஆகவே கல்லறுவையின் வரலாறு நெடுங்காலம் வரை சிறுநீர்ப்பைக் கல்லின் வரலாறுதான்.

நம் நாட்டில் சுசுருதரின் நூல் இதனை விரிவாகக் கூறுகிறது. வலிமையுடைய ஒருவன் மடியில் நோயாளியைச் சாய்த்து, துணியால் கட்டி, மருத்துவர் இடக்கையின் இரு விரல்களை எண்ணெய் தடவி மலவாயில் செலுத்தி, கல்லைக் கீழ்நோக்கி அழுத்திக் கொணர வேண்டும். பிறகு நடுக்கோட்டிற்கு இடப்புறத்தே ஒரு வாற்கோதுமை அளவு விலகிக் கீறிக் கல்லை எடுக்க வேண்டும். அறுவை செய்யாவிடில் இறப்பு உறுதி, செய்தாலும் பிழைப்பது ஐயம். ஆதலின் தலைவனிடம் இசைவு பெற்றே கையில் கத்தி எடுக்க வேண்டும் என்று அந்நூல் எச்சரிக்கிறது. இன்று அறுவைக்கு முன் நம்மிடம் கையொப்பம் வாங்குகிறார்களே, அதன் மூதாதை இது என்று எனக்குத் தோன்றும்.

வலிக்கு என்ன செய்தார்கள்? அறுவைக்கு முன் நோயாளிக்கு உணவு கொடுக்க வேண்டும், மது அருந்தும் வழக்கமுடையவனுக்குக் கடுமையான மதுவும் கொடுக்க வேண்டும் என்பது அந்நூலின் பொதுவிதி. உண்டவன் மூர்ச்சையடையான், மதுவுண்டவன் கத்தியை உணரான் என்பது காரணம். ஆனால் இவ்விதிக்கு விலக்கான நோய்களையும் அதுவே எண்ணிக் கூறுகிறது. வயிறு வெறுமையாக இருக்கையில் அறுக்க வேண்டிய அந்நோய்களுள் கல்லடைப்பும் ஒன்று. மயக்க மருந்து கொடுக்கும் முன் ஒன்றும் உண்ணலாகாது என்று இன்றைய மருத்துவர் சொல்வதற்குக் காரணம் வேறு. மயங்கியவன் வாந்தியெடுத்தால் அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும் என்பதே இன்றைய அச்சம். காரணங்கள் வேறாயினும் விதி ஒன்றாக அமைந்திருப்பது வியப்புக்குரியது.

மேலைநாட்டிலும் நிலைமை இதுவே. கல்லுக்காகக் கத்தி எடுக்கமாட்டேன், அதனை அத்தொழிலில் பயின்றவர்க்கே விட்டுவிடுவேன் என்ற உறுதிமொழி இப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் சூளுரையில் உண்டு. இங்கிலாந்தில் நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் பீப்ஸ் என்பவர் 1658ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள் இவ்வறுவையைச் செய்துகொண்டார். அவருக்கு வயது இருபத்தைந்து. கட்டிப் போட்டு, விழித்திருக்கையிலேயே அறுத்தார்கள். பிழைத்தெழுந்த பீப்ஸ் அந்தக் கல்லை ஒரு பேழையில் வைத்துக் காத்தார். ஆண்டுதோறும் அந்நாளை விருந்து வைத்துக் கொண்டாடவும் முனைந்தார். அது மிகையன்று என்றே கருதுகிறேன்.

வலியைப் போக்க வழியில்லாதபோது அறுவையாளரின் பெருமை முழுவதும் விரைவில்தான் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டனில் வாழ்ந்த வில்லியம் செசல்டன் ஒரு நிமிட அளவில் கல்லை எடுத்துவிடுவார். காலம் பார்க்கக் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அருகே நிற்பவர்களும் உண்டாம். கூர்ந்து பாருங்கள்: இங்கே விரைவு என்பது திறமை மட்டுமன்று, இரக்கமும் அதுவே. ஆனால் விரைவுக்கு ஒரு விலை உண்டு. ஒரு நிமிடத்தில் குருதிக் குழாயைத் தேடிக் கட்ட முடியாது. ஆழமான உறுப்பை அணுக முடியாது. முதுகுத் தசைகளைப் பிளந்து சிறுநீரகத்தை வெளிக்கொணர்வதோ கனவிலும் எண்ண முடியாத செயல்.

இந்தக் கட்டு 1846ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் அவிழ்ந்தது. அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் என்னும் பல் மருத்துவர் ஒரு நோயாளிக்கு ஈதர் ஆவியை முகரச் செய்தார். ஜான் காலின்ஸ் வாரன் என்னும் முதிய அறுவை மருத்துவர் அந்நோயாளியின் கழுத்துக் கட்டியை அறுத்தார். நோயாளி அலறவில்லை. இச்செய்தியை மறு மாதமே மருத்துவ ஏட்டில் எழுதி உலகுக்கு அறிவித்தவர் ஹென்றி ஜேக்கப் பிகலோ என்ற இளைய மருத்துவர். அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கல்லடைப்பின் கதையில் அவர் மீண்டும் வருவார்.

டிசம்பர் மாதத்தில் லண்டனிலும், 1847ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் கல்கத்தா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் ஈதர் பயன்பட்டது. கப்பலில் கடிதம் சென்ற காலத்தில், ஆறு திங்களுக்குள் ஒரு புதுமை பாஸ்டனிலிருந்து கங்கைக் கரையை அடைந்தது என்றால் மக்கள் அதற்கு எவ்வளவு ஏங்கியிருக்க வேண்டும்! அதற்கு முன்னரே, 1845இல், ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டேல் என்னும் மருத்துவர் கண்களால் நோக்கியும் கைகளால் தடவியும் நோயாளிகளை உறங்கச் செய்து பெரிய அறுவைகள் பல நடத்தியிருந்தார். கல்கத்தாவில் இதற்கெனத் தனி மருத்துவமனையும் அவருக்குக் கிடைத்தது. மருந்து வந்ததும் அந்த முறை மங்கிவிட்டது. ஒருவரை உறங்கச் செய்ய மணிக்கணக்கில், சிலருக்கு நாட்கணக்கில் தடவ வேண்டும் என்றால் எந்த மருத்துவமனைதான் தாங்கும்?

இனி நம் கடற்கரைக்கு வருவோம். இராமேசுவரத்திலிருந்து நீரிணையைக் கடந்தால் யாழ்ப்பாணம். பாஸ்டனுக்கு அருகேயுள்ள உவுஸ்டர் என்னும் ஊரில் பிறந்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், ஈதரின் புகழ் பரவிய மறு ஆண்டே, அதாவது 1847 அக்டோபரில், யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அவருக்கு வயது இருபத்தைந்து. மறு ஆண்டு மானிப்பாயில் மருத்துவப் பணி தொடங்கி, மாணவர்களையும் பயிற்றலானார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், 1860களில் தமிழிலேயே கற்பிக்கத் தலைப்பட்டார். நோயாளி தமிழில் வலியைச் சொல்கிறான், மருத்துவன் தமிழிலேயே அதைக் கற்றிருக்க வேண்டும் என்ற கருத்து இன்று நமக்கு எளிதாகத் தோன்றும். அன்று அது துணிச்சல். ‘அங்காதிபாதம்’, ‘பிரசவ வைத்தியம்’, ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ சுகரணம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்கள் அவர் முயற்சியால் வெளிவந்தன. இவற்றுள் ‘இரண வைத்தியம்’ என்பது லண்டன் மருத்துவர் துரூயிட் எழுதிய அறுவை மருத்துவக் கைந்நூலின் தமிழாக்கம், 1867இல் வெளிவந்தது. மருத்துவத்தை மேனாட்டு முறையில் தமிழில் கற்பிக்க முடியுமா என்று இன்றும் நம்மிடையே வாதிடுகிறவர்கள் உண்டு. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன், பாக்கு நீரிணைக்கு அக்கரையில், மருத்துவர்கள் பலர் அப்படிக் கற்று வெளியேறினார்கள் என்பதே அவர்களுக்கு விடை. கிறீன் 1873இல் தாயகம் திரும்பி 1884இல் மறைந்தார். தமிழர்க்கு மருத்துவத் தொண்டர் என்று தம் கல்லறையில் பொறிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம், அவ்வாறே பொறிக்கப்பட்டது.

ஈதரிடம் நம் நாட்டிற்கு ஒவ்வாத ஒரு குணம் உண்டு. அது 35 செல்சியசுக்குச் சற்றுக் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். பரமக்குடியில் சித்திரை நண்பகலில் குப்பியைத் திறந்தால் மருந்து நோயாளியை அடையுமுன் கூரையை அடைந்துவிடும்! விளக்குச் சுடர் பட்டால் தீப்பற்றும் இடரும் உண்டு. 1847 நவம்பரில் எடின்பரோ நகரின் ஜேம்ஸ் சிம்சன் குளோரோபாரத்தை அறிமுகப்படுத்தினார். அதன் கொதிநிலை 61 பாகை. தீப்பற்றாது, இனிய மணம், சிறு கைக்குட்டையில் சில துளிகள் போதும். 1848 சனவரியில் கல்கத்தாவில் அது பயன்பட்டது. அதன்பின் வெப்ப நாடுகளிலெல்லாம் குளோரோபாரமே கோலோச்சியது. நம் பாட்டன்மார் வாயில் எல்லா மயக்க மருந்துக்கும் அதுவே பெயராயிற்று.

ஆனால் அதே 1848 சனவரியில், இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்னும் பதினைந்து வயதுச் சிறுமி, கால் விரல் நகம் ஒன்றை எடுப்பதற்காகக் குளோரோபாரம் முகர்ந்து, சில நிமிடங்களில் இறந்தாள். நகம் எடுப்பதற்கு ஓர் உயிர்! இதயம் நின்றதா, மூச்சு நின்றதா என்ற வழக்கு அன்று எழுந்தது. அவ்வழக்கு நம் நாட்டுக்கே வந்து சேர்ந்தது.

ஐதராபாத்தில் எட்வர்டு லாரி என்ற அறுவை மருத்துவர் இருந்தார். மூச்சைக் கவனித்தால் போதும், நாடியைப் பார்க்க வேண்டியதில்லை. குளோரோபாரம் இதயத்தைத் தாக்காது என்பது அவர் கட்சி. அதை நிறுவ 1888இல் ஓர் ஆய்வுக்குழு அமைந்தது. லண்டனின் ‘லான்செட்’ இதழ் ஐயுற்றதால், 1889இல் நிசாம் ஆயிரம் பவுன் அளித்து இரண்டாம் குழுவை அமைத்தார். லாடர் பிரண்டன் என்னும் பெயர்பெற்ற அறிஞர் லண்டனிலிருந்து வந்து கலந்துகொண்டார். நூற்றுக்கணக்கான விலங்குகளின்மீது சோதனை நடந்தது. மூச்சே முதலில் நிற்கிறது, இதயம் பின்னரே நிற்கிறது என்று குழு முடிவுரைத்தது. அந்தக் காலத்தில் லாரியின் மருத்துவப் பள்ளியில் பயின்ற ரூபா பாய் ஃபர்தூன்ஜி என்னும் பார்சி மங்கை குளோரோபாரம் கொடுப்பதில் தேர்ந்து விளங்கினார். உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர் என்று இன்று அவரைப் போற்றுகின்றனர்.

குழுவின் முடிவு முழு உண்மையன்று. 1911இல் லண்டனில் லெவி என்னும் அறிஞர் பூனைகளிடம் செய்த ஆய்வில் மறைந்திருந்த உண்மை வெளிப்பட்டது. குளோரோபாரம் இலேசாக ஏறியுள்ள வேளையில் அட்ரினலின் என்னும் சுரப்பு குருதியில் மிகுந்தால் இதயம் ஒழுங்கிழந்து துடித்து நின்றுவிடும். அட்ரினலின் எப்பொழுது மிகும்? அச்சத்தில் மிகும். எவன் மருந்தைக் கண்டு நடுங்கினானோ அவனுக்கே இடர் மிகுதி. பலசாலியான இளைஞன் திமிறிக்கொண்டே முகர்ந்து, அறுவை தொடங்குமுன்னே மாண்ட நிகழ்ச்சிகளின் புதிர் இதனால் விளங்கிற்று.

இதைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வாசலில் வந்து நின்றேன். என் தந்தையார் கேட்ட கேள்வியைத்தான் அறுபது ஆண்டுக்கு மேலாக உலகின் பேரறிஞர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களாலும் ஜாமீன் கொடுக்க இயலவில்லை. 1968இல் நிலைமை மாறியிருந்தது என்பது உண்மையே. 1956இல் ஹாலோதேன் என்ற மருந்து வழக்குக்கு வந்துவிட்டது. குளோரோபாரம் அறுவை அறைகளிலிருந்து ஏறக்குறைய விடைபெற்றுவிட்டது. மருந்து போய்விட்டது, அதன் பெயரும் அச்சமும் எங்கள் தெருவில் நின்றுவிட்டன. அதை எடுத்துச் சொல்ல எவரும் இல்லை. மருத்துவர் நல்லவர்தாம், ஆனால் அவருக்குப் பின்னால் நாற்பது நோயாளிகள் நின்றார்கள்.

பிகலோவிடம் திரும்புவோம். 1824இல் பாரிசு நகரச் சிவியால் என்பவர், வயிற்றைக் கீறாமல், சிறுநீர்த் துளை வழியே ஒரு கருவியைச் செலுத்திக் கல்லை நொறுக்கும் முறையை நடத்திக் காட்டினார். நோயாளி சில நிமிடங்களே பொறுப்பான் ஆதலால் ஒரு நாள் சிறிது, மற்றொரு நாள் சிறிது எனப் பலமுறை நொறுக்க வேண்டும். கூரிய துண்டுகள் உள்ளேயே தங்கி வருத்தும். பாஸ்டனில் ஈதரை அறிவித்த அதே பிகலோ 1878இல் ஒரு கேள்வி எழுப்பினார். நோயாளிக்கு வலியே தெரியாதபோது நாம் ஏன் அவசரப்பட வேண்டும்? மயக்கத்தில் கிடத்தி, ஒரே அமர்வில், ஒரு மணி நேரமே ஆயினும், கல் முழுவதையும் நொறுக்கி, அகன்ற குழாயால் துண்டுகளைக் கழுவி எடுத்துவிட்டார். மயக்க மருந்து பொறுமையை அறுவை மருத்துவத்துக்குக் கொண்டுவந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. இளமையில் விதைத்தவரே முதுமையில் அறுவடை செய்ததும் அரிதான ஒன்று.

இம்முறை நம் நாட்டில்தான் பெரிதும் வளர்ந்தது. இந்தூரில் கீகன், வட இந்தியாவில் ஃப்ரையர் ஆகிய மருத்துவர்கள் 1880களில் நூற்றுக்கணக்கானோருக்கு இதைச் செய்தனர். சிறுவர்களுக்கு இது ஆகாது என்று ஐரோப்பாவில் சொல்லிக்கொண்டிருந்தபோது, சிறிய கருவிகளைக் கொண்டு சிறுவர்களுக்கும் இயலும் என்று கீகன் காட்டினார். சிறுவர்களுக்குக் கல்லா என்று நீங்கள் கேட்கலாம். அக்காலத்தில் ஏழைச் சிறுவர்களின் சிறுநீர்ப்பையில் கல் மிகுதி. ஏன் என்பதைக் கண்டறிய முனைந்தவர்களுள் ஒருவர் நம் நீலகிரியில் இருந்தார். குன்னூரில் உணவு ஆய்வுக்கூடம் நடத்திய இராபர்ட் மக்காரிசன், எலிகளுக்குத் தானிய மாவையே பெரும்பகுதியாகக் கொடுத்துப் பார்த்தார், கல் உண்டாயிற்று. அவ்வுணவோடு பால் சேர்த்தார், கல் தடைப்பட்டது. 1931இல் அவர் இதனைக் கட்டுரையாக வெளியிட்டார். உணவு வளம் பெருகப் பெருகச் சிறுவரின் சிறுநீர்ப்பைக் கல் குறைந்தது. வளர்ந்தோரின் சிறுநீரகக் கல்லோ கூடியது. ஒரு கல் போயிற்று, மற்றொன்று வந்தது!

சிறுநீரகத்தைக் கத்தி தொட்ட காலத்தை விரைந்து சொல்லிவிடுகிறேன். 1869இல் ஐடல்பர்க் நகரில் குஸ்தாவ் சைமன் திட்டமிட்டு ஒரு சிறுநீரகத்தையே அகற்றினார், நோயாளி பிழைத்தார், ஒரு சிறுநீரகத்தோடு மனிதன் வாழ முடியும் என்பது உறுதியாயிற்று. 1880இல் லண்டனில் ஹென்றி மாரிஸ் சிறுநீரகத்தைக் காப்பாற்றி, அதனுள்ளிருந்த கல்லை மட்டும் எடுத்தார். நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கடைசி விலா எலும்பின் கீழே நீளமாகக் கீறும் அந்த வகை அறுவையைத்தான் 1968இல் என் தந்தையாருக்குச் சொன்னார்கள்.

முழு மயக்கத்துக்கு அஞ்சுபவர்க்கு வேறொரு வழியும் அந்நூற்றாண்டின் இறுதியிலேயே பிறந்துவிட்டது. 1898ஆம் ஆண்டு ஆகஸ்டில், ஜெர்மனியின் கீல் நகரில், ஆகஸ்ட் பீர் என்னும் அறுவை மருத்துவர் முதுகெலும்பினுள் ஓடும் நீரில் சிறிது கோக்கெயின் செலுத்தி, இடுப்புக்குக் கீழே உணர்வு நீங்குவதைக் கண்டார். தம் உடலில் சோதிக்க விரும்பித் துணைவர் ஹில்டபிராண்டைக் கொண்டு ஊசி குத்திக்கொண்டார். ஊசியும் பீற்றுக்குழலும் பொருந்தாமல் முதுகு நீர் ஒழுகிப்போயிற்று. உடனே துணைவர் தம் முதுகைக் காட்டினார். பீர் அவர் காலைக் கிள்ளினார், சுட்டார், இரும்புச் சுத்தியலால் முழங்காலின் கீழ் எலும்பிலும் அடித்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அன்றிரவு இருவரும் மது அருந்தி மகிழ்ந்தார்கள். மறுநாள் முதல் இருவருக்கும் கடுந்தலைவலி. முதுகு நீர் ஒழுகினால் தலை வலிக்கும் என்ற உண்மையும் அவ்வாறே கிடைத்தது. சுத்தியலடி பட்ட காலின் வலியும் பின்னர்த் தெரிந்திருக்கும்!

அறுவை இருக்கட்டும், இரவில் வந்து தாக்கும் அந்த வலிக்கு என்ன காரணம்? கல் குழாயை அடைக்கிறது. மேலே சிறுநீர் தேங்கிச் சிறுநீரகம் விம்முகிறது. அப்பொழுது பிராஸ்டகிளாண்டின் என்னும் பொருள்கள் சுரந்து, குருதி ஓட்டத்தைக் கூட்டி, அழுத்தத்தை மேலும் ஏற்றுகின்றன. விலாவில் தொடங்கித் தொடைச் சந்து வரை வலி இறங்குகிறது. முன்பெல்லாம் இதற்கு அபினியின் சாரமான மார்பின் கொடுத்தார்கள். 1939 முதல் பெத்திடின் வந்தது. இவை வலியை உணரும் மூளையை அடக்குபவை. இன்று பெரும்பாலும் முதலில் தரப்படும் டைக்ளோபினாக் முதலியவையோ அந்தச் சுரப்பையே தடுத்து, அழுத்தத்தைத் தணிப்பவை. சிறுநீரகம் நலிந்தவர்க்கு இவை ஆகா என்பதால் மருத்துவரே அளவறிந்து தர வேண்டும்.

அபினி விளையும் நாடாக இருந்தும் மார்பின் கிடைக்காமல் நம் நோயாளிகள் தவித்த காலம் ஒன்று உண்டு. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் கடத்தலைத் தடுக்க வந்தது. அதன் உரிமக் கெடுபிடிகளால் மருத்துவமனைகள் மார்பினை வைத்திருக்கவே தயங்கின. புற்றுநோயாளிகள் பட்ட பாடு பெரிது. 2014இல் அச்சட்டம் திருத்தப்பட்டு வழி எளிதாயிற்று. கள்வனுக்குப் பூட்டிய கதவு வீட்டுக்காரனையும் வெளியே நிறுத்திவிட்டது என்றுதான் அந்த இருபத்தொன்பது ஆண்டுகளைப் பற்றி நான் சொல்வேன்.

1976இல் ஸ்டாக்ஹோமில் ஃபெர்ன்ஸ்ட்ரோம், யோகான்சன் என்னும் இருவர் முதுகில் சிறு துளையிட்டு அதன் வழியே கல்லை எடுத்தனர். 1980 பிப்ரவரி 7ஆம் நாள் மியூனிக் நகரில், நோயாளியை நீர்த் தொட்டியில் அமர்த்தி, வெளியிலிருந்து அதிர்வலைகளைச் செலுத்தியே கல்லை உடைத்தனர். அத்தொட்டியில் அமரவும் முதலில் மயக்க மருந்து வேண்டியிருந்தது. பின்வந்த கருவிகளுக்கு அது பெரும்பாலும் வேண்டியதில்லை.

2014இல் என் முறை வந்தது. தந்தையாருக்கு வந்த அதே இடப்பக்கம். முதுகுத் துளை முறை என்று முடிவாயிற்று. அறுவைக்கு முதல் நாள் மாலை மயக்க மருத்துவர் என் படுக்கையருகே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தார். என் மகள் வயதுடைய பெண். இதயம், மூச்சு, பல், பழைய மருந்துகள் என ஒவ்வொன்றாக வினவினார். “வேறு ஏதாவது கேட்க வேண்டுமா சார்?” என்றார். நாற்பத்தாறு ஆண்டுகளாக நெஞ்சிலிருந்த கேள்வியைக் கேட்டேன். தந்தையாரின் சொற்களிலேயே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. முழு மயக்கம் தரப்போவதில்லை, தண்டுவடத்தில் ஊசி போடப் போகிறேன், நீங்கள் விழித்தே இருப்பீர்கள் என்றார். இதயத் துடிப்பைக் காட்டும் திரை எது, விரல் நுனியில் மாட்டும் சிறு கருவி குருதியில் உயிர்வளி குறைந்தால் எப்படி ஒலியெழுப்பும், ஒலித்தால் தாம் என்ன செய்வார் என்பதையெல்லாம் விளக்கினார். “முழு நேரமும் நான் உங்கள் தலைமாட்டில்தான் இருப்பேன்” என்றார். பத்து நிமிடமும் ஆகியிராது. 1968இல் அந்தப் பத்து நிமிடம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

மறுநாள் குனிந்து அமரச் சொல்லி முதுகில் குத்தினார். கால்கள் வெதுவெதுப்பாகி, கனத்து, பிறகு எனக்கு உரியவையாகவே தோன்றவில்லை. நனைத்த பஞ்சால் காலிலிருந்து மேல்நோக்கித் தொட்டுக்கொண்டே, “சில்லென்று இருக்கிறதா?” என்று கேட்டுவந்தார். மார்பின் கீழ்ப்பகுதி வரை இல்லை என்றே சொன்னேன். குப்புறக் கிடத்தினார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் கருவிகளின் ஓசையைக் கேட்டபடி கிடந்தேன். கல் உடைபடும் ஒலியும், நீர் பீய்ச்சித் துண்டுகளைக் கழுவும் ஒலியும் கேட்டன. பிகலோ செய்தது இதுதானே என்று எண்ணிக்கொண்டேன். அவர் அருகிலேயே நின்று இடையிடையே, “சார், நலமா?” என்றார்.

கல்லின் துண்டுகளைச் சோதனைக்கு அனுப்பியதில் கால்சியம் ஆக்சலேட் என்று வந்தது. எஞ்சிய துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கிச் சிறு குப்பியில் இட்டு, தந்தையாரின் படத்தின் கீழே வைத்திருக்கிறேன். மிளகைவிடச் சற்றுப் பெரிது, பழுப்பு நிறம், ஒரு பக்கம் முள் முள்ளாக இருக்கும்.